கோடு எங்கே ஓடுகிறது: சென்னையிலிருந்து அரிட்டாபட்டி வரை, பட்டியலில் உள்ள சின்னங்களின் வழியே

ஞாயிறு, சென்னை

அண்ணா சாலையில் நிற்கும் சிவப்புச் செங்கல் மாளிகை, பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-இல் எழுந்த இந்தோ சாரசெனிக் பாணிக் கட்டடம் இது. 2006-இல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2010 ஏப்ரலில் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்புக்குக் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் குழு தந்த 467 கட்டடங்களின் பட்டியல். அந்தக் குழு அமைக்கப்பட்டது விளம்பரப் பலகை வழக்கில். எந்தெந்தக் கட்டடத்தைப் பலகை வைத்து மறைக்கக் கூடாது என்று குறித்து வைத்ததுதான் பிறகு சென்னையின் மரபுக் கட்டடப் பட்டியலாகப் பயன்பட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வில் மரபுப் பாதுகாப்புக் குழு அமைந்ததும் அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

பயணத்தை இங்கே தொடங்கக் காரணம் உண்டு. 'பட்டியலில் இருக்கிறது' என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் பட்டியல் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். மத்திய தொல்லியல் துறையின் பட்டியல் 1958 சட்டத்தின்கீழ் வருவது. மாநிலத் தொல்லியல் துறைக்குத் தனியாக 1966 சட்டம். சி.எம்.டி.ஏ. பட்டியல் நகரமைப்பு விதிகளைச் சேர்ந்தது. யுனெஸ்கோ பட்டியல் ஒரு சர்வதேச உடன்படிக்கையின்கீழ் வருவது. இந்திய நீதிமன்றத்தில் அதை மட்டும் காட்டி ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது. அறநிலையத் துறையின் பதிவேட்டில் ஒரு கோயில் இருப்பது நிர்வாகத்துக்காக. அதைப் பாதுகாப்புப் பட்டியல் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நகரமைப்புப் பட்டியலின் பலவீனத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 'இடிக்காதே' என்று சொல்லும் விதி 'பராமரி' என்று சொல்வதில்லை. உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாலே போதும், பத்துப் பதினைந்து மழைக்காலத்தில் வேலை முடிந்துவிடும். பழைய கட்டடம் எதைப் பார்த்தாலும் கைப்பிடிச் சுவருக்கும் மொட்டைமாடித் தளத்துக்கும் இடையிலுள்ள மூலையைக் கவனியுங்கள். அரசங்கன்று முளைக்கும் இடம் அதுதான். மேலே தெரிவதை மட்டும் வெட்டினால் வேர் இன்னும் தடித்து உள்ளே போகும். தண்டை வெட்டிய உடனே, வெட்டுவாய் ஈரம் காய்வதற்குள் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு கல்லைப் பிரித்து அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். உயிரோடு இருக்கும் வேரைப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும்.

திங்கள், மாமல்லபுரம்

1984-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர். கடற்கரைக் கோயிலுக்கு அருகே மத்திய தொல்லியல் துறையின் பலகை இருக்கிறது. அதைப் படம் பிடிப்பவர்கள் பலர், படிப்பவர்கள் சிலர். 1958 சட்டம், 2010 திருத்தம், 100 மீட்டர், 200 மீட்டர் என்று அதில் இருப்பதுதான் இந்த ஊரின் பாதித் தகராறுக்கு மூலம்.

பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டுமானம் கிடையாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி; அனுமதி வாங்கிக் கட்டலாம். 1992 ஜூன் 16 அறிவிக்கையில் வந்த இந்த அளவுகள் 2010-இல் சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டன. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அளவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கோபுரத்திலிருந்து அளப்பார்கள், சன்னிதியிலிருந்து அளப்பார்கள். சட்டம் சொல்வது பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் அல்லது பகுதியின் எல்லையிலிருந்து. அறிவிக்கையில் சின்னத்தோடு சுற்றியுள்ள நிலமும் சேர்ந்திருந்தால் அந்த நிலத்தின் விளிம்பிலிருந்துதான் 100 மீட்டர் தொடங்கும். கோபுரத்திலிருந்து 130 மீட்டர் என்று நம்பி அஸ்திவாரம் தோண்டியவருக்கு, எல்லையிலிருந்து 60 மீட்டர்தான் என்று நோட்டீஸ் வருவது இப்படித்தான்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன மண்டபத்தைப் புள்ளியாகவே வைத்துக்கொண்டாலும், அதைச் சுற்றி 300 மீட்டர் வட்டம் போட்டால் ஏறக்குறைய 70 ஏக்கர் வரும். மாமல்லபுரத்தில் குகை, ரதம், மண்டபம், கிணறு என்று சின்னங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பழைய ஊரில் பெரும்பகுதியை மூடிவிடுகின்றன. கூரை மாற்ற நினைக்கும் வீட்டுக்காரருக்கு இது நிஜமான தொல்லை. ஆனால் அவருக்கு வழியே இல்லை என்பது சரியல்ல. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்று காட்டினால், தடை செய்யப்பட்ட பகுதியிலும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பத்திரம் மூன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவர் தப்பித்தார்.

விண்ணப்பம் தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆணையம் 2 மாதத்தில் பதில் சொல்ல வேண்டும், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் அதிகாரி அனுமதி தரவோ மறுக்கவோ வேண்டும். ஆக, காகிதத்தில் மூன்றரை மாதம். பல விண்ணப்பங்கள் சிக்குவது உயரத்தில். தளத்தின் உயரத்தை மட்டும் எழுதிவிட்டு மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிச் சுவர் மூன்றையும் விட்டுவிடுவார்கள். கேட்பது அவை எல்லாம் சேர்ந்த மொத்த உயரம். அடித்தளம் தோண்டும் ஆழத்தையும் எழுத வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கோப்பு திரும்பி வரும், நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

கடற்கரைக் கோயிலின் கடல் பார்த்த பக்கத்தையும் ஊர்ப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் பக்கத்தில் உருவங்களின் முகம் கரைந்து மொழுக்கென்று ஆகிவிட்டது. அலை வந்து மோதியதால் மட்டும் வந்த வினை இல்லை. உப்புச் சாரல் கல்லின் நுண்துளைக்குள் இறங்கி, வெயிலில் தண்ணீர் போனதும் உள்ளே படிகமாகிறது. படிகம் வளரும்போது கல்லின் மணிகளை வெளியே தள்ளுகிறது. இதற்குத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவு செய்துவரும் வைத்தியம் காகிதக்கூழ். வாலை வடித்த நீரில் ஊறிய கூழைக் கல்மேல் அப்பிக் காயவிடுவார்கள். காயும்போது உப்பு கல்லிலிருந்து கூழுக்கு ஏறும். பிறகு உரித்து எடுத்து மறுபடி அப்புவார்கள். கூழைக் கரைத்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால், உப்பு இருக்கும்வரை பால்போல் வெளுக்கும். குழாய்த் தண்ணீரில் கூழ் கரைத்தால் உப்பை நாமே ஊட்டியதாகிவிடும். கூழ் எடுத்தபின் நீர் விலக்கும் பூச்சு பூசுவதும் உண்டு. உப்பு உள்ளே மிச்சமிருக்கையில் பூசினால் பூச்சோடு கல்லும் சேர்ந்து பெயரும்.

கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே கற்கரையும் சவுக்குத் தோப்பும் இருப்பதும் இதே பாதுகாப்பின் பகுதிதான். சவுக்கை வெறும் நிழலுக்கு வைத்ததாக நினைத்துவிட வேண்டாம். சாரலை வடிகட்டும் வேலி அது.

செவ்வாய், செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலை கோட்டைக்குள்ளேயே புகுந்து போகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் வளைத்த மதில். ராஜகிரி உச்சி ஏறக்குறைய 800 அடி. காலை வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

2025 ஜூலையில் 'இந்திய மராத்தா ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. கோனேரிக்கோனும் நாயக்கரும் பீஜப்பூரும் முகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆண்ட கோட்டைக்கு மராத்தா பெயரா என்று முணுமுணுப்பு எழுந்தது. யுனெஸ்கோ ஒரு தனிக் கோட்டையின் முழு வரலாற்றுக்கு அங்கீகாரம் தரவில்லை. தொகுப்பாகப் போகும் விண்ணப்பத்தில் எல்லா உறுப்புகளுக்கும் பொதுவான ஒரு காரணம் வேண்டும். 1677-இல் சிவாஜி பிடித்ததும், ராஜாராம் இங்கே வந்து தங்கி 1698 வரை முகலாய முற்றுகையைத் தாங்கியதும் அந்தக் காரணத்துக்குப் பொருந்தின. தனியாகப் போயிருந்தால் செஞ்சி எத்தனை ஆண்டு வரிசையில் நின்றிருக்கும் என்று யோசித்தால் இந்த ஏற்பாடு புத்திசாலித்தனம்தான். ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு முழு விண்ணப்பம்தான் கொடுக்க முடியும்; அதற்கு முன் உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருந்தாக வேண்டும்; கோப்பு பிப்ரவரி 1-க்குள் பாரிஸ் சேர வேண்டும்; பிறகு நேரில் ஆய்வு, மதிப்பீடு என்று ஒன்றரை ஆண்டு.

பட்டியலில் ஏறியதால் செஞ்சிக்குப் புதுச் சட்டம் எதுவும் வந்துவிடவில்லை. தடை, ஒழுங்கு என்ற அதே 100, 200 மீட்டர்தான் காவல். கூடியது பொறுப்பு: மேலாண்மைத் திட்டம், காலமுறை அறிக்கை, பெரிய கட்டுமானம் வந்தால் முன்கூட்டியே தகவல். இவற்றை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் உண்டு. எல்பே ஆற்றில் பாலம் கட்டியதற்காக 2009-இல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். லிவர்பூலுக்கு 2021-இல் அதே கதி.

கல்யாண மகாலின் சுதைப் பூச்சைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இத்தகைய இடங்களில் பழுது பார்க்கச் சிமெண்ட் ஏன் ஆகாது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிமெண்ட், செங்கல்லைவிடக் கெட்டி. ஈரத்தை வெளியே விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம் சாந்து வழியே போக முடியாமல் செங்கல் வழியே போகும், உப்பு செங்கல் முகத்தில் படியும், சாந்துக் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க நடுவில் செங்கல் குழிந்துபோகும். குழிந்த செங்கல்லையும் முழுசாக நிற்கும் சாந்தையும் சேர்த்துப் பார்த்தால் அங்கே யாரோ சிமெண்ட் வைத்திருக்கிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டு மூன்று பங்கு மணல், தேவைப்பட்டால் கொஞ்சம் சுர்க்கி (செங்கல் தூள்) சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலப்பது நம்மூர் வழக்கம். பூசியபின் சாக்கை நனைத்துப் போட்டு இரண்டு வாரமாவது ஈரம் காக்க வேண்டும். உச்சிவெயிலில் பூசிவிட்டுச் சாக்குப் போடாமல் போனால் மறுநாளே சிலந்தி வலை மாதிரி வெடிப்பு. ஒப்பந்தக்காரர் மார்ச்சுக்குள் பில் போட வேண்டும் என்று அவசரப்படும் இடங்களில் இதுதான் நடக்கிறது.

புதன், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்

கங்கைகொண்ட சோழபுரத்தின் வெளி மதிலும் கோபுரமும் எங்கே என்று தேட வேண்டாம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது இங்கிருந்து கல் எடுத்துப் போனார்கள். நினைவுச்சின்னங்களுக்கென்று கர்சன் காலத்தில் சட்டம் வந்தது 1904-இல். இடையில் 68 ஆண்டு.

தாராசுரத்தில் மழை பெய்த மறுநாள் போவது நல்லது. பிராகாரத்தில் தண்ணீர் நிற்பதைப் பார்க்கலாம். கோயில் 12-ஆம் நூற்றாண்டு மட்டத்திலேயே இருக்கிறது. சுற்றியுள்ள தெரு ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தார் மேலேயே புதுத் தார் ஏறி ஏறி உயர்ந்துவிட்டது. 'தொல்லியல் சட்டம் வடிகால் வெட்ட விடாது' என்று சொல்வதுண்டு. சட்டத்தில் 'கட்டுமானம்' என்பதன் வரையறையைப் படித்தால், வடிகால் அமைப்பதும் பராமரிப்பதும், பொதுக் கழிப்பறையும், பொதுமக்களுக்கான குடிநீர், மின்சார வேலைகளும் அதில் சேராது என்றே எழுதியிருக்கிறது. அடித்தளத்தை ஒட்டித் தோண்டும்போது துறையின் ஆள் நிற்க வேண்டும், அது வேறு விஷயம். சாலை போடுபவர் பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டாலே இந்தப் பிரச்சினையில் பாதி குறையும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

வியாழன், தஞ்சாவூர்

பெரிய கோயில் 1987-இல் பட்டியலில் ஏறியது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்து மூன்றுக்கும் 'வாழும் சோழர் பெருங்கோயில்கள்' என்று ஒரே பெயர். பெயரிலேயே 'வாழும்' என்று இருப்பதால் பூசையும் திருவிழாவும் அந்த மதிப்பின் ஒரு பகுதி. கட்டடம் தொல்லியல் துறையிடம், பூசை அரண்மனை தேவஸ்தானம், அறநிலையத் துறை பக்கம். வழிபாட்டுத் தலம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டால், அதன் தன்மைக்குப் பொருந்தாத எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது சட்டம். 2018 டிசம்பரில் ஒரு தியான நிகழ்ச்சிக்கு இங்கே பந்தல் போட்டபோது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. 1997 ஜூன் குடமுழுக்கின்போது யாகசாலைக் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்த இடம் இது. பந்தல் விஷயத்தில் இங்கே யார் கறார் காட்டினாலும் அது அதிகம் இல்லை.

தஞ்சையைச் சுற்றி எந்தத் தொல்லியல் பட்டியலிலும் இல்லாத சோழர் கோயில்கள் ஏராளம். ஆபத்து அதிகம் அங்கேதான், அதுவும் பணம் வரும்போது. 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி என்றால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். இதற்குத் தடை வந்த பிறகும் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டியிருக்கிறது. கல்வெட்டு எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர்தான், மணல் அதன் விளிம்பைத்தான் முதலில் தின்னும். அமோனியா 2, 3 சதவீதக் கரைசலும் காரமில்லாத சோப்பும் நைலான் தூரிகையும் போதும், நாள்தான் கூடும். இன்னொன்று, கூரை. ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலேயே புதுத் தளம் போடுவார்கள். தட்டோட்டுக்குக் கீழ் ஓர் அடிக்கும் மேல் செங்கல் ஜல்லி சேர்ந்தால் கல் உத்தரம் நடுவில் வெடிப்பு விடும். பிறகு வெடித்த உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்து, கோயிலே பழசு என்று இடிக்க ஆள் வரும்.

அப்படியொரு கோயிலைப் பட்டியலில் ஏற்ற விரும்புகிறவர்கள் முதலில் போக வேண்டியது கிராம நிர்வாக அலுவலரிடம். புல எண், 'அ' பதிவேட்டு நகல், புல வரைபடம் வாங்குங்கள். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவு எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், கல்வெட்டு இருந்தால் அது படியெடுக்கப்பட்ட ஆண்டறிக்கை எண், தரைவரைபடம் இவற்றோடு மனு கொடுக்கலாம். மத்தியப் பட்டியலுக்கு 100 ஆண்டுப் பழமை கட்டாயம். அரசு ஏற்றுக்கொண்டால் அரசிதழில் 2 மாத அறிவிப்பு வெளியாகும். அதன் நகலைச் சின்னத்துக்கு அருகே எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபம் அந்த 2 மாதத்துக்குள். அதற்குப் பிறகுதான் இறுதி அறிவிக்கை. முதல் அறிவிப்போடு நின்றுபோன கோப்புகள் உண்டு, ஆகவே இறுதி அறிவிக்கையின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

புல எண் இல்லாத அறிவிக்கையின் கதியை மத்தியத் தணிக்கைத் துறையின் 2013 அறிக்கையில் பார்க்கலாம். நாடு முழுக்க நேரில் போய்ப் பார்த்த 1,655 சின்னங்களில் 92-ஐக் காணவில்லை. ஊர்ப்பெயரும் 'பழைய கல்லறை' என்ற குறிப்பும் மட்டும் இருந்தால் நூறாண்டு கழித்து எங்கே போய்த் தேடுவது? 2024-இல் 18 பெயர்களை நீக்கும் வேலையை மத்திய தொல்லியல் துறை தொடங்கியது.

வெள்ளி, ஸ்ரீரங்கம்

யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது என்று இங்கே அடிக்கடி சொல்லப்படும். 2017-இல் கிடைத்தது ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது. திருப்பணி நன்றாகச் செய்ததற்குப் பாராட்டு. உலகப் பாரம்பரியப் பட்டியலைப் பொறுத்தவரை ஸ்ரீரங்கம் 2014 முதல் உத்தேசப் பட்டியலில்தான் இருக்கிறது, செட்டிநாட்டு ஊர்களும் அப்படியே.

சனி, அரிட்டாபட்டி

மேலூர்ப் பக்கம் ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர். கழிஞ்சமலையில் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுகளுடன் சமணர் குகைத்தளம், பாறையில் தீர்த்தங்கரர் உருவம், மலையின் மறுபக்கம் பாண்டியர் குடைவரை. தீர்த்தங்கரருக்குக் கீழே உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்த திருமேனி என்று சொல்லி 'பாதிரிக்குடியார் ரட்சை' என்று முடிகிறது. பாதுகாக்கும் பொறுப்பு எந்த ஊராருக்கு என்று கல்லிலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த ஊர் 2022 நவம்பரில் இன்னொரு வகைப் பட்டியலில் ஏறியது: 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து 190 ஹெக்டேருக்கு மேல். இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரம் ஏலம் போனது. அதன் பரப்பு 2,015 ஹெக்டேர், பல்லுயிர்த் தலத்தின் நிலமும் அதற்குள். பல்லுயிர்ப் பட்டியலில் இருந்தது ஏலத்தைத் தடுக்கவில்லை. கிராமசபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9 சட்டமன்றத் தீர்மானம், மதுரை நோக்கி நடைப்பயணம் என்று போய் 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

குன்றுக்கு ஒரு சட்டம், குகைக்கு ஒரு சட்டம் என்று இருக்கும் இத்தகைய ஊர்களில் உள்ளூர்க்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பல்லுயிர் அறிவிக்கையிலுள்ள புல எண்களையும் தொல்லியல் அறிவிக்கையிலுள்ள புல எண்களையும் ஒரே கிராம வரைபடத்தில் இரண்டு நிறத்தில் குறித்து, ஒரு நகலை ஊராட்சியிலும், ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும், ஒன்றை மாவட்டக் கனிமவளத் துறையிலும் ஒப்புகை வாங்கிக் கொடுத்து வைப்பது. குவாரி மனு வந்தால் முதலில் புரட்டுவது அந்த மூன்று அலுவலகக் கோப்புகளைத்தான்.